மருந்து வந்த வழி – 17: பட்டைக்குள் குடியிருந்த பூஞ்சை

1993 ஏப்ரல் 9 தேதியிட்ட ‘சயின்ஸ்’ இதழில் மூன்று பக்கக் கட்டுரை ஒன்று வெளியானது. எழுதியவர்கள் மூவர்: ஆண்ட்ரியா ஸ்டியர்ல், கேரி ஸ்ட்ரோபெல், டொனால்ட் ஸ்டியர்ல். மூவரும் அமெரிக்காவின் மொன்டானா மாநில ஆராய்ச்சியாளர்கள். அதுவரை யூ மரத்தின் தனிச்சொத்து என்று கருதப்பட்ட டாக்சால் என்னும் புற்றுநோய் மருந்தை, அந்த மரத்துக்குள் வாழும் ஒரு பூஞ்சையும் தயாரிக்கிறது என்று அக்கட்டுரை அறிவித்தது. செய்தி நாளிதழ்களின் முதல் பக்கம் வரை போனது. மரத்தை வெட்டாமலே மருந்து கிடைத்துவிடும் என்ற நம்பிக்கை உலகெங்கும் எழுந்தது. அந்த நம்பிக்கை எங்கே பிறந்தது, எங்கே தடுக்கி விழுந்தது, விழுந்த பிறகும் நமக்கு எதை விட்டுச் சென்றது என்பதே இந்த அத்தியாயம்.

மரத்தின் கணக்கு

சென்ற அத்தியாயத்தின் முடிவில் யூ மரத்தின் பட்டையோடு நின்றோம். 1962 ஆகஸ்டில் ஆர்தர் பார்க்லே என்ற தாவரவியலாளர் வாஷிங்டன் மாநிலத்தின் கிஃபோர்ட் பின்ஷோ வனப்பகுதியில் பசிபிக் யூ மரத்தின் பட்டையைச் சேகரித்தார். வட கரோலினாவின் ஆய்வு முக்கோண நிறுவனத்தில் மன்றோ வாலும், மகாராஷ்டிரத்தின் நந்துர்பாரில் பிறந்த மன்சுக் வானியும் அதிலிருந்து டாக்சாலைப் பிரித்தெடுத்து, 1971-இல் அதன் கட்டமைப்பை வெளியிட்டார்கள். 1979-இல் நியூயார்க்கைச் சேர்ந்த சூசன் ஹார்விட்ஸ், அந்தப் பொருள் உயிரணுவின் நுண்குழல்களை இறுக்கிப் பிடித்துச் செல்பிரிவை நிறுத்துகிறது என்று காட்டினார். 1989-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள், மற்ற மருந்துகளுக்கு மசியாத சூலகப் புற்றுநோயாளிகளில் ஏறத்தாழ 30 சதவீதம் பேருக்கு டாக்சாலால் கட்டி சுருங்கியதாக அறிவித்தார்கள்.

அந்த அறிவிப்பு வந்த நாளிலிருந்து மரத்துக்குச் சோதனைக்காலம் தொடங்கியது. வாலும் வானியும் முதன்முதலில் 12 கிலோ காய்ந்த பட்டையிலிருந்து எடுத்தது அரை கிராம் மட்டுமே. ஒரு கிலோ மருந்துக்கு 7 முதல் 10 டன் பட்டை வேண்டும். அதற்கு 2,000 முதல் 3,000 மரங்களை உரிக்க வேண்டும் என்பது அக்கால மதிப்பீடு. ஒரு நோயாளிக்கு முழுச் சிகிச்சைக்கு ஏறத்தாழ 2 கிராம் தேவை. பசிபிக் யூவோ மிக மெதுவாக வளரும் மரம். பெருமரங்களின் நிழலில், மெல்லிய பட்டையோடு, நூறாண்டுக்கும் மேலாக நின்று நிதானமாக வளர்வது. பட்டையைச் சுற்றிலும் உரித்தால் மரம் செத்துப்போகும்.

அந்தக் காடுகளில்தான் புள்ளி ஆந்தையும் வாழ்ந்தது. 1990-இல் அமெரிக்க அரசு அந்த ஆந்தையை அழியும் அபாயத்தில் உள்ள இனங்களின் பட்டியலில் சேர்த்தது. ஒரு பக்கம் சாகக்கிடக்கும் பெண்கள். மறு பக்கம் மீட்க முடியாத முதுகாடு. இரண்டில் எதைக் காப்பது என்ற கேள்வி நாடாளுமன்றம் வரை போய், 1992-இல் பசிபிக் யூ சட்டம் என்றே ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் டாக்சாலுக்கு விற்பனை அனுமதியும் கிடைத்தது. மருந்து கைக்கு வந்துவிட்டது. அதை எடுக்கப் போதிய மரம் இல்லை. பூஞ்சைக் கட்டுரை வந்து சேர்ந்தது இந்தச் சூழலில்தான்.

நெல் வயலில் கிடைத்த முன்னுதாரணம்

மரம் செய்யும் பொருளைப் பூஞ்சையும் செய்யும் என்று நினைக்க ஒருவருக்குத் தைரியம் எப்படி வந்தது? அதற்கு முன்னுதாரணம் இருந்தது. ஜப்பானிய நெல் விவசாயிகளுக்குப் பகனே என்ற நோய் நெடுங்காலமாகத் தெரியும். நோய் கண்ட நாற்று மற்றவற்றைவிட உயரமாக, வெளிறி, நோஞ்சானாக வளர்ந்து சாய்ந்துவிடும். 1926-இல் எயிச்சி குரோசாவா என்ற ஆய்வாளர், நாற்றை இப்படி இழுத்து வளர்ப்பது ஒரு பூஞ்சை கக்கும் பொருளே என்று காட்டினார். 1930-களில் அதற்கு ஜிப்ரெலின் என்று பெயர் வைத்தார்கள். பிறகுதான் ஆச்சரியம் தெரிந்தது: ஜிப்ரெலின் பூஞ்சைக்கு மட்டும் உரியதல்ல, ஆரோக்கியமான செடிகளும் தம் வளர்ச்சிக்காக அதையே தயாரிக்கின்றன. ஒரே வேதிப்பொருளைச் செடியும் அதனுள் புகுந்த பூஞ்சையும் தனித்தனியே செய்ய முடியும் என்பது அப்போதே உறுதியாகிவிட்டது.

இன்னொன்றும் தாவர நோயியல் படித்தவர்களுக்குத் தெரியும். நோய் எதுவும் காட்டாத நல்ல செடியின் இலை, தண்டு, வேர் எதை எடுத்தாலும் உள்ளே பூஞ்சைகள் குடியிருக்கும். செடியைக் கெடுக்காமல் அதன் திசுக்களுக்கு நடுவே வாழும் இவற்றை எண்டோஃபைட் என்கிறார்கள். நாம் உள்வாழ் பூஞ்சை என்று சொல்லலாம். யூ மரத்தில் டாக்சால் அதிகம் இருப்பது பட்டையில். அந்தப் பட்டையிலேயே குடியிருக்கும் பூஞ்சைக்கு அதைச் செய்யத் தெரிந்திருந்தால்? ஸ்ட்ரோபெலும் ஸ்டியர்ல் தம்பதியரும் பிடித்துக்கொண்ட நூல் இதுவே.

உள்பட்டைத் துண்டு

அவர்களுடைய வேலைமுறை எளிமையானது. ஆனால் பொறுமையைச் சோதிப்பது. வடக்கு மொன்டானாவின் காடுகளில் நின்ற யூ மரங்களிலிருந்து சிறு கிளைகளையும் பட்டைத் துண்டுகளையும் எடுத்துவந்தார்கள். வெளிப்பரப்பில் காற்றோடு வந்து ஒட்டிய கிருமிகள் ஏராளமாக இருக்கும். அவற்றைக் கொல்ல 70 சதவீத ஆல்கஹாலால் துண்டைத் துடைத்தார்கள். பிறகு கிருமி நீக்கிய கத்தியால் வெளிப்பட்டையைச் சீவி எறிந்துவிட்டு, உள்பட்டையை மட்டும் சின்னஞ்சிறு துண்டுகளாக நறுக்கி, சத்து எதுவும் சேர்க்காத அகார் தட்டில் வைத்தார்கள். சத்து இல்லாததற்குக் காரணம் உண்டு. வேகமாகப் பரவும் பூசணம் தட்டை மூடிவிடாமல், துண்டுக்குள்ளிருந்து மெல்ல எட்டிப்பார்க்கும் இழையைக் கண்டுபிடிக்க அவகாசம் வேண்டும். சில நாள்களில் துண்டின் ஓரத்தில் வெண்ணிழை நீளும். அதன் நுனியை மட்டும் கிள்ளி வேறு தட்டுக்கு மாற்றினால் தூய வளர்ப்பு கிடைக்கும்.

இப்படி நூற்றுக்கணக்கான நுண்ணுயிர்களைப் பிரித்து ஒவ்வொன்றையும் சோதித்தார்கள். ஒன்று தேறியது. அறிவியலுக்கே புதிய பூஞ்சை அது. யூ மரத்தையும் அதைக் கண்டெடுத்த ஆண்ட்ரியாவையும் சேர்த்து ‘டாக்சோமைசஸ் ஆண்ட்ரியானே’ என்று பெயர் சூட்டினார்கள்.

உடனே எழக்கூடிய சந்தேகம் அவர்களுக்கும் எழுந்தது. பட்டையிலிருந்து வந்த பூஞ்சை, மரத்தின் டாக்சாலையே ஒட்டிக்கொண்டு வந்திருக்கலாம் அல்லவா? இதைத் தீர்க்க, கதிரியக்கக் கார்பன் ஏற்றிய அசெட்டிக் அமிலத்தையும் ஃபினைல்அலனைன் என்ற அமினோ அமிலத்தையும் வளர்ப்பு ஊடகத்தில் கலந்து கொடுத்தார்கள். டாக்சாலைக் கட்ட வேண்டிய மூலப்பொருள்கள் இவை. பூஞ்சை தானே டாக்சால் செய்தால் அதில் கதிரியக்கம் தெரிய வேண்டும். மரத்திலிருந்து வந்த பழைய டாக்சாலாக இருந்தால் தெரியாது. தெரிந்தது என்று அவர்கள் அறிவித்தார்கள். நிறைநிரல் கருவியும், டாக்சாலை இனங்காணும் எதிர்ப்புரதச் சோதனையும் அதையே சொன்னதாகக் கட்டுரை கூறியது.

4 கோடி லிட்டர்

கட்டுரையில் இன்னொரு எண்ணும் இருந்தது. செய்தித்தாள்கள் அதைப் பெரிதுபடுத்தவில்லை. ஒரு லிட்டர் வளர்ப்பில் கிடைத்த டாக்சால் 24 முதல் 50 நானோகிராம். நானோகிராம் என்பது கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. மேல் எல்லையான 50-ஐ எடுத்துக்கொண்டாலும், ஒரே ஒரு நோயாளிக்கு வேண்டிய 2 கிராமுக்கு 4 கோடி லிட்டர் பூஞ்சைக் கரைசலை வடிக்க வேண்டும்.

ஆனாலும் அன்றைய நம்பிக்கையை வெறும் பேராசை என்று ஒதுக்கிவிட முடியாது. இந்தத் தொடரில் பென்சிலின் கதையைப் படித்தவர்களுக்குக் காரணம் நினைவிருக்கும். ஃப்ளெமிங்கின் பூசணமும் தொடக்கத்தில் அற்பமாகவே மருந்து தந்தது. 1943-இல் அமெரிக்காவின் பியோரியா நகரில் அழுகிய கிர்ணிப்பழத்தில் கிடைத்த வேறொரு பூசணம் பல மடங்கு தந்தது. அதை எக்ஸ் கதிராலும் புற ஊதாக் கதிராலும் தாக்கி, தேர்ந்தெடுத்து, மேலும் பெருக்கினார்கள். பூஞ்சை மரத்தைப் போல நூறாண்டு எடுத்துக்கொள்வதில்லை. இரும்புத் தொட்டியில், சர்க்கரைக் கரைசலில், சில வாரங்களில் வளர்ந்துவிடும். பென்சிலினில் நடந்தது டாக்சாலில் ஏன் நடக்காது?

வில்வ இலை வரை

தேடல் பரவியது. 1996-இல் ஸ்ட்ரோபெல் குழுவினர் இமயமலை யூ மரத்தில் பெஸ்டலோஷியாப்சிஸ் மைக்ரோஸ்போரா என்ற பூஞ்சையைக் கண்டார்கள். லிட்டருக்கு 60 மைக்ரோகிராம் அளவில் டாக்சால் கிடைத்ததாகச் சொன்னார்கள். பழைய அளவைப்போல் ஆயிரம் மடங்குக்கும் மேல். 4 கோடி லிட்டர் என்ற கணக்கு சுமார் 33,000 லிட்டராகக் குறைந்தது. அதே இனப் பூஞ்சையை, யூ மரத்துக்குத் தொடர்பே இல்லாத சதுப்பு சைப்ரஸ் மரத்திலும் கண்டார்கள். பிறகு சீனா, இந்தியா, கொரியா என்று பல நாடுகளிலிருந்தும் டாக்சால் தரும் பூஞ்சைகளைப் பற்றிய கட்டுரைகள் வரத்தொடங்கின.

அவற்றில் ஒரு பகுதி சென்னையிலிருந்து போனவை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் உயராய்வு மையத்தினர், நம் கோயில்களில் சிவனுக்குச் சார்த்தும் வில்வத்திலிருந்து பார்டாலினியா ரோபில்லார்டாய்டெஸ் என்ற உள்வாழ் பூஞ்சையைப் பிரித்தார்கள். லிட்டருக்கு சுமார் 188 மைக்ரோகிராம் டாக்சால் கிடைத்ததாக 2008-இல் வெளியிட்டார்கள். அந்தக் கணக்கில் ஒரு நோயாளிக்கு 10,000 லிட்டருக்குச் சற்று மேல் போதும்.

டாக்சாலோடு தேடல் நிற்கவில்லை. வால், வானி இருவரும் 1966-இல் சீனத்து மரம் ஒன்றிலிருந்து பிரித்த கேம்ப்டோதெசின் இன்னொரு முக்கியமான மூலக்கூறு. குடல், சூலகம், நுரையீரல் புற்றுநோய்களுக்குத் தரப்படும் இரினோடெகான், டோபோடெகான் மருந்துகள் அதன் வழிவந்தவை. அதே பொருள் நம் மேற்குத்தொடர்ச்சி மலையின் நாதபோடைட்ஸ் என்ற சிறுமரத்திலும் உண்டு. ஏற்றுமதிக்காக அந்த மரங்கள் பெருமளவு வெட்டப்பட்டன. 2005-இல் ஜம்மு ஆய்வாளர்கள் அந்த மரத்துக்குள் வாழும் பூஞ்சை ஒன்று கேம்ப்டோதெசினைத் தயாரிப்பதாகக் கண்டார்கள். அடுத்த ஆண்டே, இமயமலையின் போடோபில்லம் செடியில் உள்ள பூஞ்சையிலிருந்து போடோபில்லோடாக்சின் கிடைத்ததாகச் செய்தி வந்தது. ஈடோபோசைட் என்ற புற்றுநோய் மருந்துக்கு அதுவே மூலப்பொருள்.

ஏழாவது தலைமுறை

இத்தனை பூஞ்சைகள் கிடைத்தும் ஒரு தொட்டியிலிருந்துகூட மருந்து கடைக்கு வரவில்லை. காரணத்தை ஆய்வகக்காரர்கள் எல்லோரும் கண்ணால் பார்த்திருந்தார்கள். மரத்திலிருந்து புதிதாகப் பிரித்தபோது மருந்து தரும் பூஞ்சை, தட்டிலிருந்து தட்டுக்கு மாற்ற மாற்றக் குறைவாகத் தருகிறது. சில மாற்றங்களுக்குப் பிறகு ஏறக்குறைய நின்றேவிடுகிறது. பூஞ்சை செழிப்பாக வளரும்; மருந்து மட்டும் இருக்காது.

ஏன் என்று துருவிப் பார்த்தவர்களில் முக்கியமானவர்கள் ஜெர்மனியின் டார்ட்மண்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் சௌவிக் குசாரியும் மிக்கேல் ஸ்பிட்டெல்லரும். சீனத்துக் கேம்ப்டோதெகா மரத்திலிருந்து ஃபுசேரியம் சொலானி என்ற பூஞ்சையை எடுத்து, தலைமுறை தலைமுறையாக வளர்த்து, கேம்ப்டோதெசின் செய்வதற்கான மரபணுக்களைத் தேடினார்கள். 2011-இல் அவர்கள் சொன்னது இது: தொடக்கப் படிகளுக்கான மரபணுக்கள் பூஞ்சையிடம் இருக்கின்றன. நடுவிலே ஒரு படி, இரண்டு துண்டுகளைச் சேர்த்து ஸ்ட்ரிக்டோசிடின் என்ற பொருளாக்கும் படி, அதற்கான என்சைம் பூஞ்சையிடம் இல்லை. அது மரத்திடம் இருக்கிறது. அடுப்பும் பாத்திரமும் தன் வீட்டில் இருக்க, உப்புக்கு மட்டும் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவதுபோல, அந்த ஒரு படிக்குப் பூஞ்சை மரத்தைச் சார்ந்திருக்கிறது. ஏழாவது தலைமுறை வரும்போது அதனிடம் இருந்த மரபணுக்களே நிலைகுலைந்திருந்தன.

பெங்களூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆர். உமா சங்கர் குழுவினர் இந்தக் கேள்வியை மறுபக்கத்திலிருந்து அணுகினார்கள். உற்பத்தி ஓய்ந்துபோன பூஞ்சையைத் திரும்பவும் மரத்துக்குள் செலுத்தி, சில காலம் கழித்து வெளியே எடுத்தால் என்ன ஆகும்? 2015-இல் வெளியான அவர்களது முடிவு, மரத்துக்குள் போய்வந்த பூஞ்சை மீண்டும் கூடுதலாகக் கேம்ப்டோதெசின் தருகிறது என்பது. மரபணுக்களை வாயடைக்கும் மெத்தில் முத்திரைகளைத் தடுக்கும் அசாசைட்டிடின் என்ற பொருளைக் கொடுத்தாலும் உற்பத்தி உயர்ந்தது. அப்படியானால் பூஞ்சையிடம் திறமை முற்றாக அழிந்துவிடவில்லை. மரத்திலிருந்து வர வேண்டிய ஏதோ சமிக்ஞை இல்லாததால் அடங்கிக் கிடக்கிறது.

ஆஹன் நகரத்துத் தீர்ப்பு

டாக்சாலின் கதையோ இன்னும் கடுமையான சோதனையைச் சந்தித்தது. யூ மரம் டாக்சாலைச் செய்ய ஏறத்தாழ 20 படிகள் தேவை. ஒவ்வொன்றுக்கும் ஒரு என்சைம், ஒரு மரபணு. இவற்றையெல்லாம் ஒரு பூஞ்சை தானாகவே பெற்றிருக்குமா? மரத்திலிருந்து பூஞ்சைக்கு மரபணு தாவியிருக்கலாம் என்பதே தொடக்கத்தில் சொல்லப்பட்ட விளக்கம். ஜெர்மனியின் ஆஹனில் உள்ள ஃபிரான்ஹோஃபர் நிறுவனத்தில் ஹைனிக், ஷோல்ஸ், யென்னவைன் ஆகிய மூவர் அந்த விளக்கத்தை நேரடியாகச் சோதித்தார்கள். டாக்சோமைசஸ் ஆண்ட்ரியானேயின் முழு மரபுத்தொகுதியையும், யூ மரத்திலிருந்து தாங்களே பிரித்த பூஞ்சை ஒன்றின் மரபுத்தொகுதியையும் படித்து, மரத்தின் டாக்சால் மரபணுக்களோடு ஒப்பிட்டார்கள். ஒத்த மரபணு எதுவும் கிடைக்கவில்லை. பூஞ்சை சுயமாக டாக்சால் செய்கிறது என்பதற்கு ஆதாரம் இல்லை, தென்படும் சிறு அளவுகள் மரத்தின் எச்சமாக இருக்கலாம் என்று 2013-இல் எழுதினார்கள். நெதர்லாந்தின் குரோனிங்கன் ஆய்வாளர்கள் 2009-இலேயே இதே பூஞ்சையைப் பற்றி இதே ஐயத்தை எழுப்பியிருந்தார்கள்.

வழக்கு அத்தோடு முடிந்துவிடவில்லை. கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் சமே சோலிமானும் மனீஷ் ரெய்ஸாடாவும் யூ மரத்தின் இன்னொரு பூஞ்சையை மரத்துக்குள்ளேயே வைத்துக் கவனித்தார்கள். கிளை புதிதாக முளைக்கும் இடத்தில் பட்டை விரிசல் விடும். மரத்தை அழுகச்செய்யும் பூசணங்கள் நுழைவது அந்த வழியாகவே. அவர்களது பூஞ்சை அந்த விரிசல்களுக்கு இடம்பெயர்ந்து, கொழுப்புத் தன்மையுள்ள சிறு உருண்டைகளில் அடைத்த டாக்சாலை அங்கே வெளியிட்டு வாயிலை அடைக்கிறது என்று 2015-இல் காட்டினார்கள். நமக்குப் புற்றுநோய் மருந்தாக இருப்பது மரத்துக்குப் பூசணக்கொல்லி. உயிரணு பிரிவதைத் தடுக்கும் அதே ஆற்றல்தான் அழுகல் பூசணத்தையும் தடுக்கிறது. காவலுக்கு நிற்கும் பூஞ்சைக்கு அந்த டாக்சால் சொந்தத் தயாரிப்பா, மரத்திடம் வாங்கியதா என்பதில் ஆய்வாளர்களிடையே இன்றும் ஒருமித்த கருத்து இல்லை.

மரத்தைக் காப்பாற்றியவை

மரத்தை உண்மையில் காப்பாற்றிய வழிகள் வேறு. பிரான்ஸில் பியர் போத்தியே, ஐரோப்பிய யூ மரத்தின் இலைகளில் டாக்சாலுக்கு மிக நெருங்கிய ஒரு பொருள் தாராளமாக இருப்பதைக் கண்டார். இலையைக் கத்தரித்தால் மரம் மீண்டும் துளிர்க்கும். அந்தப் பொருளிலிருந்து டாக்சாலை முடித்தெடுக்கும் திறமான முறையை ஃபுளோரிடாவில் ராபர்ட் ஹால்டன் வகுத்தார். 1990-களின் நடுப்பகுதியிலேயே பட்டையின் தேவை தீர்ந்தது. பிறகு ஜெர்மனியில், யூ மரத்தின் உயிரணுக்களையே பெரும் தொட்டிகளில் வளர்த்து மருந்தெடுக்கும் முறை வந்தது. தொட்டி ஒன்றின் கொள்ளளவு 75,000 லிட்டர் வரை. பூஞ்சையிடம் எதிர்பார்த்த வேலையை மரத்தின் உயிரணுவே செய்தது.

நுண்ணுயிர்த் தொட்டி என்ற கனவும் வேறு உருவில் உயிரோடு இருக்கிறது. 2010-இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பாறையில் குமரன் அஜிகுமாரும் கிரிகோரி ஸ்டெஃபனோபூலஸும் மரத்தின் மரபணுவை எ.கோலை பாக்டீரியாவுக்குள் வைத்து, டாக்சாலின் முதற்கூடான டாக்சடையீனை லிட்டருக்கு 1 கிராம் வரை எடுத்தார்கள். 2024, 2025 ஆண்டுகளில் சீனாவிலும் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டிலும், டாக்சாலின் முன்னோடிப் பொருளான பக்காடின் வரை கொண்டுசெல்லும் மரபணுக்களைத் திரட்டி, புகையிலைக் குடும்பச் செடி இலைக்குள் இயக்கிக் காட்டினார்கள்.

அப்படியானால் 1993-இன் மூன்று பக்கங்கள் வீணா? இல்லை என்று உறுதியாகச் சொல்வேன். அந்தக் கட்டுரை வரும்வரை, மருந்துச் செடி என்றால் செடி மட்டுமே என்று எல்லோரும் எண்ணியிருந்தோம். இன்று செடியைச் சோதிக்கும் எந்த ஆய்வகமும் அதனுள் வாழ்வது யார், எந்தப் படியை யார் செய்கிறார்கள் என்று கேட்காமல் நகர்வதில்லை. பூஞ்சை மருந்து தருகிறது என்று ஒருவர் சொன்னால் மரபணுவைக் காட்டு, ஏழாவது தலைமுறையிலும் காட்டு என்று கேட்கும் ஒழுங்கையும் இந்தச் சர்ச்சையே உருவாக்கியது. நம் ஊர்ப் பூஞ்சைகளைப் பற்றிய அறிவிப்புகளும் இந்த உரைகல்லில் தேய்த்துப் பார்க்கப்பட வேண்டும். அதுவே அந்த உழைப்புக்கு நாம் தரும் மரியாதை.

காட்டைப் பற்றியும் இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. 1962-க்கு முன் பசிபிக் யூவுக்கு மதிப்பே கிடையாது. பெருமரம் வெட்டுகிறவர்கள் அதைக் கழிவோடு சேர்த்து எரித்தார்கள். பின்னர் அதன் பட்டையை டன் கணக்கில் உரித்தபோது, பட்டைக்குள் யார் இருக்கிறார்கள் என்று யாரும் பார்க்கவில்லை. இமயமலை யூ மரமும் அளவின்றிச் சுரண்டப்பட்டு, 1995-இல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் ஏறியது. மரத்தைத் தோட்டமாக மறுபடி நட்டுவிடலாம். ஒரு குறிப்பிட்ட மலைச்சரிவில், ஒரு குறிப்பிட்ட மரத்தோடு நெடுங்காலம் வாழ்ந்து பழகிய பூஞ்சையை நட முடியாது. ஆய்வகத் தட்டில் வைத்தாலும் அது தன் தொழிலை மறக்கிறது என்று பார்த்தோம். ஆகவே மேற்குத்தொடர்ச்சி மலையின் நாதபோடைட்ஸைக் காப்பது என்றால் அதை அது நிற்கும் காட்டோடு காப்பதுதான். மூலக்கூறு எடுத்தாகிவிட்டது, இனி மரம் எதற்கு என்ற வாதத்துக்கு இந்த வரலாற்றில் இடமில்லை.

*அடுத்த அத்தியாயத்தில்: ஜமைக்காவிலிருந்து கனடாவுக்கு அஞ்சலில் வந்த இலைகள், சர்க்கரை நோய்க்கு மருந்து தேடியவர்களுக்கு ரத்தப் புற்றுநோய் மருந்தைக் காட்டிய விதம். நம் தென்மாவட்டங்களின் மானாவாரி நிலத்தில் பயிராகும் நித்தியகல்யாணியின் கதை.*